முத்துப் பெட்டி

முத்துப் பெட்டி என்பது மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துக்களை அளவு வாரியாகப் பிரிக்கப் பயன்பட்ட பித்தளைச் சல்லடை ஆகும். தூத்துக்குடியிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் 19ஆம் நூற்றாண்டில் முத்து வணிகர்கள் இதைப் பயன்படுத்தினர். பெரிய தேநீர்த் தட்டு அளவில், சற்றுக் குழிந்த வடிவில், அடியில் வட்டத் துளைகள் இட்டுச் செய்யப்பட்டது. பத்துப் பெட்டிகள் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒவ்வொரு பெட்டிக்கும் அதிலுள்ள துளைகளின் எண்ணிக்கையே பெயர்.

முத்தின் விலை அதன் எடையைவிட வேகமாக ஏறும் என்பதால், இந்தத் துளைகளின் அளவு வணிகத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கக்கூடியது. ஆனால் எந்தத் துளைத்தட்டும் பயன்படுத்தப் பயன்படுத்த மாறும். துளையின் எண்ணிக்கை மாறாது. துளையின் அளவு மாறும். இக்கட்டுரை முத்துப் பெட்டியின் அமைப்பு, அதை ஒட்டிய விலைக் கணக்கு, துளைகள் தேய்வதும் அடைபடுவதும், அதே சிக்கல் இன்றைய காப்பி இயந்திரக் கூடை போன்ற கருவிகளில் தோன்றும் விதம் ஆகியவற்றை விளக்குகிறது.

## பெயர்

தென் மாவட்டங்களில் ‘பெட்டி’ என்ற சொல் மூடியுள்ள பேழையை மட்டும் குறிப்பதில்லை. பனையோலையால் முடைந்த கூடையும் பெட்டியே. ஓலைப்பெட்டி என்பது இன்றும் வழக்கில் உள்ளது. முத்துச் சல்லடையைப் ‘பெட்டி’ என்று அழைத்ததும் கூடை என்ற இந்தப் பொருளிலேயே. ஆங்கிலேயர் தம் குறிப்புகளில் இதைக் ‘கூடை’ என்று மொழிபெயர்த்து, ‘இருபதாம் கூடை முத்து’, ‘நூறாம் கூடை முத்து’ என்ற முறையில் எழுதினர். எஸ்பிரெஸ்ஸோ காப்பி இயந்திரத்தில் காப்பித்தூளைத் தாங்கும் துளையிட்ட கிண்ணத்துக்கும் ஆங்கிலத்தில் கூடை என்றே பெயர்.

## பின்னணி

தூத்துக்குடிக் கரையின் முத்து பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தல் நடந்ததைக் குறிப்பிடுகிறது. முத்தைத் தரம் பிரிக்கும் வழக்கமும் பழமையானதே. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் கோயில் அணிகலன்களில் இருந்த முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வகை பிரித்துப் பதிவு செய்துள்ளன.

முத்துச்சிப்பிகள் கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழ்கின்றன. இத்திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். பரதவரும் முஸ்லிம்களும் மூச்சடக்கிக் குளித்துச் சிப்பிகளை எடுத்தனர். ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்பவருக்கும் உரியது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. குளிப்பவர்களும் தம் பங்கைப் பெரும்பாலும் திறக்காமலேயே விற்றுவிடுவர். ஆகவே சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாமலேயே வாங்கும் பழக்கம் இருந்தது. வாங்கியவர் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, வண்டலிலிருந்து முத்தைப் பொறுக்கினார். அதன் பிறகே பெட்டிக்கு வேலை. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் மரக்காயர் வணிகர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள்.

## அமைப்பும் சலிக்கும் முறையும்

ஒரு தொகுதியில் உள்ள பத்துப் பெட்டிகளின் துளை எண்ணிக்கை பின்வருமாறு:

20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000.

எல்லாப் பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே அகலம் உடையவை. எனவே துளைகள் கூடக்கூட ஒவ்வொன்றும் சிறிதாகும். 20 துளைப் பெட்டியில் பெரிய துளைகளும், 1000 துளைப் பெட்டியில் மிகச் சிறிய துளைகளும் இருக்கும்.

சலிப்பு பெரிய துளையிலிருந்து தொடங்கும். முத்துக்களை முதலில் 20ஆம் பெட்டியில் இட்டு நன்றாகக் குலுக்குவர். விழாமல் தங்கியவை ‘20ஆம் பெட்டி முத்து’. விழுந்தவை 30ஆம் பெட்டிக்குப் போகும். இப்படியே கடைசிப் பெட்டி வரை செல்லும். மிகச் சிறியவை ‘தூள்’ எனப்பட்டன. அளவு பிரித்த பின், ஒவ்வொரு பெட்டி முத்தையும் உருண்டை வடிவம், ஒளி ஆகியவற்றை வைத்து மீண்டும் தரம் பிரித்தனர். இரண்டிலும் குறையில்லாதது ஆணிமுத்து. ஒட்டிப் பிறந்த இரட்டை முத்துக்குக் குறுவல் என்றும், மடங்கிய வடிவுடையதற்கு மடங்கு என்றும் பெயர்கள் வழங்கின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் பெயர் துளைகளின் எண்ணிக்கை. முத்தைப் பிரிப்பதோ துளையின் விட்டம். முதலாவதைக் கண்ணால் எண்ணலாம். இரண்டாவதை அளக்கக் கருவி வேண்டும். நூறு துளை உள்ள பெட்டி எவ்வளவு தேய்ந்தாலும் ‘நூறாம் பெட்டி’யாகவே இருக்கும்.

## துளையும் விலையும்

முத்தை நிறுக்கக் கழஞ்சும் மஞ்சாடியும் பயன்பட்டன. முத்து வணிகத்தில் ஒரு கழஞ்சு என்பது 67 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 4.34 கிராம் எடையுள்ள பித்தளைப் படிக்கல். ஒரு மஞ்சாடி அதில் இருபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.217 கிராம். மஞ்சாடி என்பது சிவந்த நிறமுடைய ஒரு மரத்தின் விதை. முத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் என்று கொண்டால், ஒரு மஞ்சாடி எடையுள்ள உருண்டை முத்தின் விட்டம் ஏறத்தாழ 5.4 மி.மீ. வரும்.

தாழ்ந்த தரத்து முத்துக்கள் எடைக்கு விற்கப்பட்டன. உயர்ந்த தரத்து முத்துக்களுக்குச் ‘செவ்வு’ என்ற கணக்கு இருந்தது. ஆங்கில ஏடுகளில் இது ‘செவோ’ என்று எழுதப்பட்டது. கணக்கு இதுதான்: முத்துக்களின் மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது செவ்வு. ஒரு செவ்வுக்கு இவ்வளவு என்று விலை பேசுவர்.

இக்கணக்கில் விலை எடையின் இருபடியாக ஏறுகிறது. ஒரு மஞ்சாடி முத்துக்கு முக்கால் செவ்வு. இரண்டு மஞ்சாடி முத்துக்கு மூன்று செவ்வு. எடை இரு மடங்கானால் விலை நான்கு மடங்கு.

ஆனால் கூட்டமாக நிறுக்கும்போது, எல்லா முத்தும் ஒரே அளவில் இருந்தால்தான் இக்கணக்கு சரியான விடை தரும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒருவரிடம் இரண்டு மஞ்சாடி எடையுள்ள 10 முத்தும், ஒரு மஞ்சாடி எடையுள்ள 10 முத்தும் இருப்பதாகக் கொள்வோம்.

* பெரியவை தனியாக: 20 × 20 = 400; முக்கால் பங்கு 300; 10ஆல் வகுத்தால் 30 செவ்வு.
* சிறியவை தனியாக: 10 × 10 = 100; முக்கால் பங்கு 75; 10ஆல் வகுத்தால் 7½ செவ்வு.
* இரண்டும் சேர்ந்து: 37½ செவ்வு.
* எல்லாவற்றையும் கலந்து நிறுத்தால்: 30 × 30 = 900; முக்கால் பங்கு 675; 20ஆல் வகுத்தால் 33¾ செவ்வு.

முத்து அதே முத்துதான். கலந்துவிட்டதால் மட்டும் 3¾ செவ்வு, அதாவது பத்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. கலந்து கணக்கிட்ட செவ்வு, ஒவ்வொன்றாகக் கணக்கிட்டதைவிட ஒருபோதும் மிகுதியாக வராது என்பதை இயற்கணிதத்தால் நிறுவலாம். முத்துக்களுக்குள் எடை வேறுபாடு கூடக்கூட இழப்பும் கூடும். இழப்பு விற்பவருடையது. வாங்கியவர் அதே முத்தை நல்ல பெட்டியில் மறுபடி சலித்து, பிரித்து விற்றால் அந்த 3¾ செவ்வு அவருக்குச் சேரும்.

பத்துப் பெட்டிகள் வைத்து நுணுக்கமாகச் சலித்ததன் பயன் இங்கே விளங்கும். பெட்டி அளவுக் கருவி மட்டுமன்று. செவ்வுக் கணக்கைச் சரியாக வைத்திருக்கும் கருவியும் ஆகும்.

## துளை மாறும் வழிகள்

முத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரை, பித்தளையின் கடினம் சுமார் 3. இரண்டும் அருகருகே உள்ளவை. ஆகையால் வெறும் முத்து உருள்வதால் மட்டும் துளை விரைவில் பெரிதாகாது. பித்தளைத் துளைத்தட்டின் அளவை மாற்றும் காரணங்கள் வேறு.

மணல். கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. சிப்பி வண்டலிலிருந்து வரும் முத்தோடு மணல் ஒட்டியிருந்தால், குலுக்கும்போது ஒவ்வொரு மணலும் அரம் போல் துளையின் விளிம்பைத் தேய்க்கும்.

விளக்குதல். பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சாம்பல் மேற்பரப்பைத் தேய்க்கிறது. ஒவ்வொரு முறையும் நீங்குவது மிகச் சிறிய அளவே. ஆனால் துளையின் கூரிய விளிம்பில்தான் தேய்வு முதலில் விழும். நாளடைவில் விளிம்பு மழுங்கி, துளையின் வாய் புனல் போல் விரியும்.

உப்புக் காற்று. தூத்துக்குடி உப்பளங்களின் ஊர். குளோரைடு நிறைந்த ஈரத்தில் துத்தநாகம் மிகுந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறும். எஞ்சுவது உறுதியற்ற, நுண்துளைகள் கொண்ட செம்பு. இது எளிதில் உதிரும். இதோடு பச்சைக் களிம்பும் படியும். களிம்பு முதலில் துளையைச் சுருக்கும். சுரண்டி எடுத்த பின் துளை முன்னிருந்ததைவிடப் பெரிதாகும்.

குத்தி எடுத்தல். துளைக்குச் சரியாக ஒத்த அளவுள்ள முத்து அதில் சிக்கிக்கொள்ளும். அதை ஊசியாலோ ஆணியாலோ நெம்பினால் வட்டத் துளை நீள்வட்டமாகும். நீள்வட்டத் துளையில் உருண்டை முத்து குறுகிய பக்கத்தால் தடுக்கப்படும். தட்டையான முத்தோ நீண்ட பக்கத்தில் நழுவிவிடும்.

நசுங்குதல். தட்டு கீழே விழுந்து வளைந்தால், குழிந்த இடத்தில் உலோகம் இழுபட்டுச் சில துளைகள் மட்டும் பெரிதாகும். நூறு துளைகளில் ஒன்று கெட்டாலே போதும். நீண்ட நேரம் குலுக்கினால் ஒவ்வொரு முத்தும் அந்தத் துளையின் மேல் வர வாய்ப்பு உண்டு. சல்லடையின் உண்மையான அளவு அதன் சராசரித் துளை அன்று. அதன் மிகப் பெரிய துளையே.

## சிறிய துளையும் பெரிய துளையும்

எல்லாப் பெட்டியும் ஒரே அளவு தேய்ந்தாலும் கெடுதல் ஒரே அளவு அன்று. எடுத்துக்காட்டாக, துளையின் விட்டம் 0.05 மி.மீ. கூடியதாகக் கொள்வோம். இது ஒரு தலைமுடியின் பருமன் அளவே.

5 மி.மீ. துளையில் இது நூற்றுக்கு ஒன்று. 1 மி.மீ. துளையில் இது நூற்றுக்கு ஐந்து. உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடியாக ஏறுவதால், பெரிய துளையில் நழுவும் முத்தின் எடை எல்லை 3 விழுக்காடு உயரும். சிறிய துளையில் ஏறத்தாழ 16 விழுக்காடு உயரும். எனவே தேய்வால் முதலில் பொய் சொல்லத் தொடங்குவது நுண்துளைப் பெட்டிகளே.

ஆனால் பணம் இருப்பது பெரிய துளைகளின் பக்கம். எடை விட்டத்தின் மும்மடி. செவ்வு எடையின் இருபடி. ஆகவே ஒரு முத்தின் செவ்வு விட்டத்தின் ஆறாம் படியாக ஏறும். 5 மி.மீ. துளை 0.05 மி.மீ. பெரிதானாலும், எல்லையில் நழுவும் முத்தின் செவ்வு 6 விழுக்காடு கூடுதலாக இருக்கும். நுண்துளைப் பெட்டி அடிக்கடி தவறும்; ஒவ்வொரு தவறும் சிறிது. பெருந்துளைப் பெட்டி அரிதாகத் தவறும். ஒவ்வொரு தவறும் பெரிது.

## பிற துளைத்தட்டுகள்

துளையின் எண்ணோ பெயரோ மாறாமல் அளவு மட்டும் மாறும் இந்தச் சிக்கல் வேறு பல கருவிகளிலும் உண்டு.

காப்பி வடிகட்டி. தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரின் மேல் பாத்திரத்து அடியும் ஒரு துளைத்தட்டே. இங்கே தேய்வைவிட அடைப்பே முதன்மை. காப்பியின் எண்ணெயும் சிக்கரியின் பசையும் துளைக்குள் காய்ந்து ஒட்டும். டிகாக்ஷன் இறங்கத் தாமதமாகும். பாத்திரத்தை அடுப்புத் தணலில் காட்டி அடைப்பை எரித்துத் தட்டுவது பலரும் கையாளும் முறை. ஊசியால் குத்தினால் அடைப்பு நீங்கும். ஆனால் அந்தத் துளை மட்டும் பெரிதாகி, அதன் வழியே தூள் இறங்கத் தொடங்கும். முத்துப் பெட்டியில் ஊசி செய்யும் அதே தீங்கு இது.

எஸ்பிரெஸ்ஸோ கூடை. காப்பிக் கடை இயந்திரங்களின் கூடை துருப்பிடிக்காத எஃகால் ஆனது. பரவலான அளவில் அதன் விட்டம் 58 மி.மீ.; துளைகள் சுமார் 0.3 மி.மீ.; அழுத்தம் ஏறத்தாழ 9 பார். எஃகு காப்பித்தூளைவிட மிகக் கடினமானது என்பதால் துளைகள் தேய்ந்து பெரிதாவது மெதுவாகவே நிகழும். நடைமுறையில் கூடை கெடுவது வேறு வழிகளில்: எண்ணெய்ப் படிவு, கடின நீரின் சுண்ணாம்புப் படிவு, பயன்படுத்திய தூளைக் கொட்டத் தட்டித் தட்டி விளிம்பு நெளிவது, கூடையைப் பிடிக்கும் கம்பி தளர்வது. சில துளைகள் மட்டும் அடைபட்டால் நீர் மற்ற துளைகளின் பக்கமாக ஓடும். அப்பக்கத்துத் தூளில் சாறு மிகுதியாக இறங்கிக் கசக்கும். அடைபட்ட பக்கத்துத் தூள் பாதி பயனோடு நின்றுவிடும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வர இது ஒரு காரணம்.

வைரச் சல்லடை. சூரத் முதலிய வைர மையங்களில் சிறு வைரங்களைப் பிரிக்க எண்ணிட்ட துளைத்தட்டுகள் உள்ளன. பிளஸ் 2, பிளஸ் 6½, பிளஸ் 11 என்பன அவற்றுள் சில. இவையும் மில்லிமீட்டர் அளவுகள் அல்ல, வணிகப் பெயர்களே. முத்தைப் போலன்றி வைரம் எந்த உலோகத்தையும்விடக் கடினமானது. ஆகவே இங்கே பொருளே தட்டைத் தேய்க்கிறது.

## சரிபார்க்கும் முறைகள்

1. வெளிச்சத்தில் பார்த்தல். தட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்தால் அடைபட்ட துளைகள் இருண்டும், பெரிதான துளைகள் பளிச்சென்றும் தெரியும். முத்துப் பெட்டிக்கும் காப்பிக் கூடைக்கும் இதுவே எளிய முதல் சோதனை.
2. அளவூசி. குறிப்பிட்ட விட்டத்தில் கடைந்த இரண்டு எஃகு ஊசிகள் வேண்டும். ஒன்று நுழைய வேண்டும். சற்றுப் பெரியதான மற்றது நுழையக் கூடாது. பெரியது எந்தத் துளையில் நுழைகிறதோ அது தேய்ந்த துளை.
3. ஒப்புச் சல்லடை. வேலைக்குப் பயன்படுத்தாத ஒரு சல்லடையைத் தனியே பாதுகாத்து, ஒரே பொருளை இரண்டிலும் சலித்து முடிவுகளை ஒப்பிடுவது. ஆய்வுக்கூடங்களில் இம்முறை வழக்கில் உள்ளது.

இன்றைய சோதனைச் சல்லடைகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 460, பன்னாட்டளவில் ஐ.எஸ்.ஓ. 3310 ஆகிய தர விதிகள் உள்ளன. இவற்றில் துளைத்தட்டுச் சல்லடைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. துளையின் பெயரளவு விட்டத்தோடு, அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும் இவை வரையறுக்கின்றன. துளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பெயரிடும் முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே: சல்லடை எப்போது தன் பெயருக்குத் தகுதி இழக்கிறது என்பதைப் புதிய முறையில் அளந்து சொல்லலாம்.

## இன்றைய நிலை

தூத்துக்குடியில் இயற்கை முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே கடைசி. அதன் பிறகு பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பிகள் பெருகவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டது. வளர்ப்பு முத்தில் உள்ளே வைக்கும் கருமணியின் அளவே முத்தின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே முத்துக்கள் முன்போல் எல்லா அளவுகளிலும் கலந்து கிடைப்பதில்லை. அவற்றின் அளவு மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது.

பத்துப் பெட்டிகளுக்கான தேவை இப்படிக் குறைந்தது. எனினும் எங்கெல்லாம் துளையிட்ட தட்டு ஒன்று பொருளைப் பிரிக்கிறதோ, வடிக்கிறதோ, அங்கெல்லாம் அந்தப் பழைய கேள்வி இன்றும் பொருந்தும்: தட்டின் மேல் எழுதியிருக்கும் எண் அது செய்யப்பட்ட நாளின் அளவைச் சொல்கிறதா, இன்றைய அளவைச் சொல்கிறதா?